மண்ணில் போட்ட பங்கு

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகும் மின்கம்பிகள் போயின. தேயிலைக்கு நடுவே இரும்புக் கோபுரங்கள் கால் அகட்டி நிற்கும். மழை நாளில் அவற்றின் அடியில் நின்றால் கம்பி முனகுவது கேட்கும். கோபுரங்களுக்குக் கீழே வரிசையாக, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒற்றை அறைத் தொடர்களான லயங்கள். லயங்களுக்குள் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு. எங்கள் மலைத் தண்ணீரில் பிறந்த கரண்டு எங்கள் தலைக்கு மேலாகப் போய், எங்கேயோ இருந்த கடைத்தெருக்களுக்கு வெளிச்சம் போட்டது. இதைப் பற்றி லயத்தில் யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. இல்லாத ஒன்றைப் பற்றி எவ்வளவு காலம்தான் பேசுவது.

என் அக்கா மட்டும் பேசுவாள். அவள் கொழுந்து எடுப்பவள். விடியும் முன்னே, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு மலை ஏறினால், மாலையில் கொழுந்து நிறுத்த பிறகுதான் இறங்குவாள். அதற்கு மேல் தையல். எழுபதுகளின் கடைசியில் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஒரு குடும்பம் தங்கள் தையல் மெஷினை அவளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தது. லயத்துப் பெண்களின் சட்டை, பாவாடை எல்லாம் அவள் கையால்தான். குப்பி லாம்பை மெஷின் தலையிலேயே வைத்துக்கொண்டு தைப்பாள். புகை நேராக மூக்கில் ஏறும். காலையில் துப்பினால் கறுப்பாக வரும். கண்ணில் எப்போதும் நீர் நிற்கும். பனியிலும் மழையிலும் மலை ஏறி ஏறி நெஞ்சு வேறு கெட்டுப்போயிருந்தது. இருமத் தொடங்கினால் பக்கத்துக் காம்பராவில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள்.

"ஒரே ஒரு பல்பு போதும்டி. மெஷினுக்கு மேல தொங்கணும். அப்புறம் மலைப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன். தச்சே பொழைச்சுக்குவேன்," என்பாள் என்னிடம்.

அவள் தன் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். புடவை கேட்டவள் இல்லை, நகை கேட்டவள் இல்லை. அக்காவின் கணவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவர் கான் வெட்டும் வேலைக்காரர். தேயிலைச் சரிவில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க, குறுக்கே குறுக்கே வெட்டி விடுகிற வடிகால்களைத்தான் எங்கள் பக்கம் கான் என்போம். வாய் திறந்து நாலு வார்த்தை பேச அவருக்கு ஒரு பொழுது போய்விடும். அக்கா பல்பு என்று ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய் இஸ்தோப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். லயத்துக் காம்பராவின் முன்னால் ஆள் குந்துகிற அளவுக்கு இருக்குமே, அந்த இடம்தான் இஸ்தோப்பு. அவருக்கு வீட்டில் பிடித்த இடம் அது.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருஷம், தைப்பொங்கல் கழிந்து, தோட்டத்துக்கு மூன்று கனவான்கள் வந்தார்கள். ஃபேக்டரிக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்துத் தண்ணீர்ச் சக்கரம் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அந்த இடத்தில் புதுச் சக்கரம் வைத்து, மேலே உள்ள ஓடையை வாய்க்கால் வெட்டித் திருப்பி, ஃபேக்டரிக்கும் லயங்களுக்கும் கரண்டு எடுப்பது என்று திட்டம். எண்ணெய் விலை ஏறிப்போன காலம். தண்ணீரும் காற்றும் வெயிலும் வைத்துக் கரண்டு எடுக்க வேண்டும் என்று வெளிநாடுகளுக்கெல்லாம் திடீரென்று ஞானம் வந்திருந்தது.

பெரட்டுக் களத்தில் மேசை நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. ஒருவர் வெளிநாட்டு உதவித் திட்டத்திலிருந்து வந்த வெள்ளைக்காரர். ஒருவர் கொழும்பில் இருந்த ஒரு தனியார் வங்கியின் ஆள். மூன்றாமவர் அரசாங்கத் தரப்பு அதிகாரி. நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. ஹட்டனில் படித்து, கொஞ்சம் இங்கிலீஷும் கொஞ்சம் சிங்களமும் வைத்திருந்தேன். மொழிபெயர்க்க என்னை நிறுத்திவிட்டார்கள்.

பணம் உலகத்தில் எப்படி நடக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரர் சொன்னார்: சக்கரமும் மெஷினும் எங்கள் நாடு இனாமாகத் தரும், ஆனால் சிமெந்துக்கும் குழாய்க்கும் வங்கி கடன் கொடுப்பது உறுதியான பிறகுதான். வங்கிக்காரர் சொன்னார்: கடன் கொடுக்க நாங்கள் தயார், ஆனால் அரசாங்கம் பிணை நின்று கையெழுத்துப் போட்ட பிறகுதான். அரசாங்கத்து அதிகாரி சொன்னார்: கையெழுத்துப் போடத் தடையில்லை, ஆனால் இந்தத் திட்டத்தில் மக்களுக்கு அக்கறை இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவர்களுடைய பங்கு முதலில் மண்ணில் தெரிய வேண்டும். கல்யாண வீட்டு வாசலில் 'நீங்க முன்னால போங்க, நீங்க முன்னால போங்க' என்று பெரிய மனிதர்கள் உபசாரம் பண்ணிக்கொண்டு நிற்பார்களே, அப்படி இருந்தது. கடைசியில் யாரை முன்னால் தள்ளினார்கள் என்றால், களத்தில் சாக்கோடு குந்தியிருந்த எங்களை.

ஒவ்வொருவர் சொன்னதையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல, தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் நியாயமாகவே பட்டது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். ஒருவராவது அயோக்கியராக இருந்திருந்தால் திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

"உங்க பங்கா என்னா குடுப்பீங்கன்னு கேக்குறாங்க," என்றேன்.

எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இல்லை. குடியிருந்த காம்பரா தோட்டத்துடையது. பாதிப் பேருக்கு இந்த நாட்டுப் பிரஜை என்று காட்டவும் ஒன்றும் இல்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள்.

"கை இருக்குங்க. வாய்க்கால நாங்களே வெட்டிக் குடுத்துடுறோம். கூலி வேணாம். ஆனா லயத்துக்கு லைட்டு குடுக்கணும்," என்றாள்.

நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் வெள்ளைக்காரர் முகம் மலர்ந்து கை தட்டினார். சிரமதானம் என்று அதிகாரி பெயர் வைத்தார். மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துவிட்டு ஜீப் ஏறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டினோம். எங்கள் ஆட்களுக்கு மலையில் மண் வெட்டச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தலைமுறையாகக் கான் வெட்டிய கைகள். மச்சான் முன்னால் நூல் பிடித்துக்கொண்டு போவார், ஆண்கள் பின்னால் வெட்டுவார்கள், பெண்கள் பழைய கொழுந்துக் கூடைகளில் மண் அள்ளிச் சரிவில் கொட்டுவார்கள். வாய்க்கால் ஓடையில் தொடங்கி, மலை இடுப்பைச் சுற்றி வந்து, எங்கள் லயத்துக்கு மேலே ஓர் இடத்தில் முடியும். அங்கே தொட்டி கட்டி, அதிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீரைச் சக்கரத்துக்கு இறக்குவது என்பது ஏற்பாடு. தொட்டிக்குச் சிமெந்து வர வேண்டும். அதுவரைக்கும் அந்த முனையில் பெரிய மண் கரை ஒன்று போட்டு அடைக்கச் சொல்லியிருந்தார்கள்.

நான் கூடப் போனேன். என் ஆசிரியை கௌரவத்தை வீட்டில் வைத்துவிட்டு மண் சுமந்தேன். உண்மையில் அது சந்தோஷமான காலம். கலவரத்துக்குப் பிறகு லயத்தில் பலர் கப்பலேறி இராமேசுவரம் போகிற பேச்சாகவே இருந்தார்கள். மண்வெட்டியைக் கையில் எடுத்த பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. சும்மா கொடுத்த உழைப்பு என்பதால் இந்த மண்ணில் ஏதோ எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது போலத் தோன்றியது. வேலையைச் சட்டென்று முடித்தோம். அதிகாரிகள் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரமாக முடித்தோம். இன்றைக்கு நினைத்தால், கொஞ்சம் சோம்பேறிகளாக இருந்திருக்கலாம்.

வேலை முடிந்த அன்று அக்கா அந்தக் கரைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குங்குமம் வைத்தாள். தேங்காய் உடைத்தோம். அதற்குப் பிறகு அந்த வாய்க்கால் எங்கள் கண்ணுக்குக் கானாகத் தெரியவில்லை. கரண்டு வரப்போகிற வழியாகத் தெரிந்தது. பெண்கள் கரை மேல் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள்.

பிறகு காத்திருந்தோம். எங்கள் பங்கு மண்ணில் தெரிந்தது, அதை வங்கிக்காரர் வந்து கண்ணால் பார்க்க வேண்டும், அவர் பார்த்து எழுதினால் மற்றதெல்லாம் வரும் என்றார்கள். சித்திரை வருஷப் பிறப்பு முடியட்டும் என்றார்கள். வெசாக் பண்டிகை முடியட்டும் என்றார்கள். நாட்டு நிலைமை சரியில்லை, கொழும்பில் எல்லாரும் யோசிக்கிறார்கள் என்றார்கள். கடைசியில் அடுத்த கிழமை கட்டாயம் வருகிறார் என்று ஃபேக்டரி டெலிபோனுக்குச் செய்தி வந்தது. அந்தக் கிழமைதான் மழை பிடித்தது.

எங்கள் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆரம்பித்தால் சுவருக்குச் சுவர் ஈரம், போர்வைக்குள் ஈரம், அரிசிக்குள் ஈரம். ஓடையிலிருந்து வாய்க்கால் பிரிகிற வாயைப் பலகை போட்டு அடைத்திருந்தோம், ஆனால் மலையில் விழுந்த தண்ணீரெல்லாம் வழிந்து வந்து வாய்க்காலில்தான் இறங்கியது. இறங்கிய தண்ணீர் முனைக்கு வந்து, போக வழியில்லாமல் கரைக்குப் பின்னால் குளம் போல் நின்றது. சிமெந்து பூசாத வெறும் மண் வாய்க்கால். கீழே எங்கள் லயம்.

கண்டாக்கு ஐயா வந்தார். மலை வேலைகளை மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரையைச் சுற்றிப் பார்த்தார்.

"கரையை வெட்டி ஓடைப் பக்கம் விடுங்கோ. இவ்வளவு தண்ணி நிண்டால் மண் தாங்காது," என்றார்.

கான் வெட்டுகிற எந்த ஆளுக்கும் இது தெரியும். தண்ணீருக்கு வாய் விடாமல் யாரும் கான் வெட்டுவதில்லை. ஆனால் அங்கே நின்ற ஒருவரும் மண்வெட்டியை எடுக்கவில்லை. வங்கிக்காரர் வரும்போது கரை உடைந்து கிடந்தால், எங்கள் பங்கு முடியவில்லை என்று எழுதிவிடுவார். அவர் அப்படி எழுதினால் அதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். அதிகாரி போடாவிட்டால் வெள்ளைக்காரருடைய மெஷின் வராது. அன்றைக்குக் களத்தில் நான் மொழிபெயர்த்துச் சொன்னதை எங்கள் ஆட்கள் அவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பெரிய மனிதர்களுடைய கணக்கு அவர்களுக்கே இவ்வளவு மனப்பாடமாக இருந்திருக்காது.

"அவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும் ஐயா. அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் வெட்டிக்குங்க," என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கரை மேல் உட்கார்ந்துவிட்டாள். பெண்களெல்லாம் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

கண்டாக்கு ஐயா நினைத்திருந்தால் ஆள் வைத்து வெட்டியிருக்கலாம். ஆனால் அவரும் கலவரத்தில் கினிகத்தேனையிலிருந்த தன் வீட்டை எரியக் கொடுத்துவிட்டு வந்தவர். கூட்டத்தோடு மல்லுக்கட்டுகிற தெம்பு அவரிடம் இல்லை. "நான் சொல்லிப்போட்டன்," என்று குடையை விரித்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து இரவும் பகலும் முறை வைத்துக் கரையைக் காவல் காத்தோம். ஊரிலே எல்லாரும் சாமான் சட்டியைக் காவல் காப்பார்கள், நாங்கள் தண்ணீரைக் காவல் காத்தோம்.

அடுத்த கிழமை வந்தது. வங்கிக்காரர் வரவில்லை. பாதை வழுக்குகிறது, மழை விட்டதும் வருகிறார் என்றார்கள்.

அன்று மழை தாங்காமல் கொழுந்து எடுப்பதை மத்தியானமே நிறுத்திவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அக்கா காம்பராவுக்குப் போனேன். லயத்துக்கு அதுதான் மலைப் பக்கத்துக் கடைசிக் காம்பரா. அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் பின் சுவருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். சுவரின் அடியில் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். செம்மண்.

"மலை ஊறிப்போச்சு. நான் போய் வெட்டி விட்டுட்டு வந்துர்றேன்," என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து எழுந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. "எத்தன ஞாயித்துக்கெழம சொமந்தேன் தெரியுமா? நெஞ்சு வெடிக்கச் சொமந்தேன். மழ விட்டா அந்த மனுசன் வந்துருவான். இன்னும் ரெண்டு நாளு பொறுக்க மாட்டீங்களா?"

"ரெண்டு நாளு தாங்காது."

"அந்தக் கரையில கைய வச்சீங்கன்னா, இந்த வாசல மிதிக்காதீங்க. சொல்லிட்டேன்."

மச்சான் சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தார். வாசலில் ஒரு கணம் நின்று அக்காவைத் திரும்பிப் பார்த்தார், கோபமில்லாமல்தான் பார்த்தார். பிறகு இஸ்தோப்பைத் தாண்டி மழைக்குள் இறங்கிப் போனார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஓடையில் இரைச்சல் கூடியது. எட்டிப் பார்த்தால் ஓடை செக்கச் செவேலென்று பொங்கிப் போனது. மச்சான் கரையை வெட்டிவிட்டார் என்று எங்களுக்குத் தெரிந்தது. காவலுக்கு இருந்தவர்களை அவர் கீழே விரட்டிவிட்டு, தனியாக நின்று வெட்டினாராம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது புகைக்கா வேறெதற்கா என்று நான் கேட்கவில்லை. அப்புறம் தரை அதிர்ந்தது. மரம் முறிகிற சத்தம் கேட்டது. வெளியே ஓடினோம். மேலே இருந்த கரையைக் காணவில்லை. கரையிருந்த இடமும் அதன் கீழிருந்த தேயிலையும் எங்கள் மரக்கறிப் பாத்திகளும் சேறாக வழிந்து வந்து, லயத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தன.

தண்ணீரில் பெரும்பகுதி ஓடைக்குப் போயிருந்தது. அதனால்தான் மண் அதோடு நின்றது, இல்லாவிட்டால் லயமே இருந்திருக்காது என்று பிறகு வந்து பார்த்த எல்லோரும் சொன்னார்கள். மச்சானைச் சேற்றுக்குள்ளிருந்து இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். மண்வெட்டியை விடாமல் பிடித்திருந்தார்.

அக்கா ஒப்பாரி வைக்கவில்லை. பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதபோதும் மரம் போல் இருந்தாள். வாசலில் பாடை வைத்திருந்தபோது மட்டும் என் கையைப் பிடித்து, "உள்ள கொண்டாரச் சொல்லுடி. வெளியவே வச்சுருக்காங்க பாரு," என்றாள். காம்பராவுக்குள் இடமில்லை என்று எடுத்துச் சொன்னேன். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அந்த மனிதர் என்னைப் படிக்கவைக்கத் தன் சம்பளத்தில் பாதியை யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தவர்.

மழை விட்டதும் வங்கிக்காரர் வந்தார். கருமாதி இன்னும் ஆகவில்லை. பளபளப்பான சப்பாத்து சேற்றில் புதையப் புதைய வாய்க்கால் நெடுக நடந்து வந்தார். நடந்தது அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் அக்காவின் வாசலுக்கு வந்தார். கல் மனசுக்காரர் இல்லை. வருத்தம் சொன்னார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி இங்கிலீஷில் சொன்னார்:

"முனையில் கரை இல்லை. நான் என்ன செய்ய? பார்ப்பதைத்தான் எழுத முடியும். மக்கள் பங்கு முழுமையாகவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும்."

அந்தச் சேற்றில் ஒரு கை அள்ளி அவர் முகத்தில் அப்ப வேண்டும் போலிருந்தது. அதற்குள் அக்கா உள்ளேயிருந்து, "என்னாடி சொல்றாரு?" என்றாள். மறைக்கத் தோன்றாமல் அப்படியே சொன்னேன்.

அவள் எழுந்து வாசல் வரைக்கும் வந்தாள். "திரும்பிக் கட்டிக் குடுத்தா எழுதுவாராமா, கேளு."

கேட்டேன். எழுதுவேன் என்றார்.

புருஷனைப் பறிகொடுத்தவள் கருமாதி கழியும் முன்னே வாசல் தாண்டுவது எங்கள் லயத்தில் கேள்விப்படாத காரியம். அக்கா தாண்டினாள். முக்காடு போட்டபடி கூடையை எடுத்து மண் சுமந்தாள். கிழவிகள் வாயில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அவள் போன பிறகு மற்றவர்கள் எப்படி வீட்டில் இருப்பது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போனார்கள். இந்த முறை கண்டாக்கு ஐயா கூடவே நின்று, லயத்தை விட்டுத் தள்ளி ஓடைப் பக்கமாக இடம் காட்டினார். தண்ணீருக்கு வாய் விட்டுத்தான் கரை போட்டோம். நான் அக்காவோடு அந்த நாட்களில் பேசவில்லை. எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம். அந்த வங்கிக்காரரைவிட, அதிகாரியைவிட, அவள் மேல்தான் கோபம்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. ஆடி அசைந்து, வருஷக் கணக்கில் இழுத்தடித்து வந்தது. வங்கிக்காரர் எழுதினார், அதிகாரி கையெழுத்துப் போட்டார், சிமெந்து வந்தது, கப்பலில் வந்த மெஷின் பெட்டிகள் துறைமுகத்தில் கிடந்து கிடந்து கடைசியில் லொறியில் வந்து சேர்ந்தன. திறப்பு விழாவுக்கு வாழை மரம் கட்டினார்கள். மந்திரி ஒருவர் வந்து விசையைத் தட்டினார். அரசாங்கமும் தனியாரும் வெளிநாட்டு நண்பர்களும் மக்களும் கை கோத்தால் எதுவும் முடியும் என்று பேசினார்கள். மக்கள் பங்கு என்ற வார்த்தை அன்றைக்குப் பல முறை ஒலித்தது. ஒருவராவது மச்சானைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். இயற்கையின் இடையூறுகள் என்று ஒருவர் சொன்னார், அதோடு சரி.

ஃபேக்டரிக்கு முதலில் கொடுத்தார்கள். உத்தியோகத்தர் வீடுகளுக்கு அடுத்து. கடைசியாக லயத்துக்கு வந்தார்கள். காம்பராவுக்கு ஒரு பல்பு.

கம்பி இழுக்க வந்தவன் அக்கா காம்பராவுக்கு வந்த அன்று நானும் இருந்தேன். காலையிலேயே மெஷினுக்கு மேலிருந்த கூரைக் கட்டையில் புகைக்கரியைச் சுரண்டித் துடைத்து வைத்திருந்தேன். கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. இந்த ஒன்றாவது அவளுக்குக் கிடைக்கட்டும் என்று இருந்தது. அவன் ஏணியைச் சாத்தி, "எந்த எடத்துல தொங்க விடணும்?" என்றான். நான் மெஷினைக் காட்டினேன்.

"அங்க வேணாம் தம்பி," என்றாள் அக்கா. "வெளியில போடுங்க. இஸ்தோப்புல, வாசலுக்கு மேல."

"பைத்தியமா ஒனக்கு? ஒன்னுதான் தருவாங்க. இந்த மெஷினுக்குத்தானே இத்தன வருசம் தவிச்ச?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிதிக்காதீங்கன்னு சொல்லிட்டேன்டி. அத நெனச்சுக்கிட்டே அவரு இருட்டுல எங்கயாச்சும் நின்னுக்கிட்டு இருப்பாரு. வாசல் தெரியணும்ல."

கம்பிக்காரன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் ஏணியை வெளியே எடுத்துப்போய், மச்சான் உட்கார்ந்து பீடி குடிக்கிற இடத்துக்கு நேர் மேலே பல்பை மாட்டிக் கொடுத்தான். பொழுது சாய்ந்ததும் அது எரிந்தது. அக்கா உள்ளே வந்து, குப்பி லாம்பைப் பற்றவைத்து மெஷின் தலையில் வைத்துக்கொண்டு, பாதியில் விட்டிருந்த சட்டையைத் தைக்க உட்கார்ந்தாள்.